உம்மாவின் நாற்பதுக்கு முன் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று இரவு போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் குரல் உயர்ந்துவிடுமோ என்று பயம். அதனால் எழுதுகிறேன். இதே பேச்சு இன்னும் பல வீடுகளில் நடக்கிறது, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தத்தை, அதாவது குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் சடங்கை, யாழ்ப்பாணத்தில்தான் வைக்க வேண்டும், சோனகத் தெருப் பழைய வீட்டு வாசலில் பந்தல் போட்டு முப்பது சஹன் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) வைக்க வேண்டும் என்கிறாய். மனைவியின் சங்கிலியை அடைவு வைக்கவும் தயார் என்கிறாய். உன் மனம் எனக்குத் தெரியும். புத்தளத்திலிருந்து நீ வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை (உடலை) அடக்க எடுத்துவிட்டோம். உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்ற குறை உன்னைத் தின்கிறது. அதற்கு ஈடாக ஏதாவது செய்யத் துடிக்கிறாய்.

வாப்பாவின் நாற்பது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஆறு வயது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் கிடந்த காலம். நிவாரண அரிசியில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தும், போதாததற்கு அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கியும் உம்மா சோறாக்கினார். ஊதுபத்திப் புகைக்குள் லெப்பை யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். நீ பசியில் சஹனை நோக்கி நகர்ந்தாய். ஓதி முடியும்வரை தொடக்கூடாது என்று உன் கையைத் தட்டிவிட்டது நான்தான். அநாதைப் பிள்ளையின் கை அது, தம்பி. வாப்பா கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்த கடைக்காரரும் அன்று வந்திருந்தார். சாப்பிட்டார், ஒன்றும் கேட்காமல் போனார். அந்தக் கடனை அடைக்க உம்மாவுக்கு நான்கு வருஷம் பிடித்தது.

பிறகு ஓதிப் படித்தபோதுதான் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் அந்த ஹதீஸைக் கண்டேன். ஒரு ஜனாஸா கொண்டுவரப்படுகிறது. “இவருக்குக் கடன் இருக்கிறதா?” என்று நபி (ஸல்) கேட்கிறார்கள். மூன்று தீனார் இருக்கிறது, விட்டுச் சென்றது ஒன்றுமில்லை என்கிறார்கள். “உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். தோழர் அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே நபியவர்கள் தொழுவிக்கிறார்கள். இதைப் படித்த அன்று என் கண்முன் வந்து நின்றது அந்தச் சஹன்தான். மார்க்கம் எதை முதலில் செய்யச் சொன்னதோ அது கிடப்பில் கிடக்க, சொல்லாத ஒன்றுக்காகக் கடன் வாங்கியிருக்கிறோம்.

“குர்ஆன்தானே ஓதுகிறோம், சோறுதானே கொடுக்கிறோம், இதில் என்ன கெட்டது?” என்று கேட்டாய். சரி, அதைப் பார்ப்போம். நபியவர்கள் தம் மனைவி கதீஜாவை அடக்கினார்கள். மகள்மார் ருகையா, ஸைனப், உம்மு குல்ஸூம் மூவரும் நபியவர்கள் இருக்கும்போதே மௌத்தானார்கள் (இறந்தார்கள்). மகன் இப்ராஹீம் மடியில் உயிர் விடும்போது, “கண் அழுகிறது, உள்ளம் கவலைப்படுகிறது, நம் இறைவனுக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம்” என்றார்கள். நபியவர்களை விடப் பாசம் உள்ளவர் யார்? மௌத்தான இவர்களில் ஒருவருக்காவது மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று எதுவும் வைத்தார்களா? தோழர் ஜஃபர் (ரலி) ஷஹீதான (மார்க்கத்துக்காக உயிர் துறந்த) செய்தி வந்தபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? ஜஃபரின் வீட்டாருக்கு நீங்கள் சமைத்துக் கொடுங்கள், அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள் என்றார்கள். மையத்து (இறந்தவர்) வீட்டுக்குச் சோறு போக வேண்டும். நாம் அதைத் தலைகீழாக்கி, மையத்து வீட்டை ஊருக்குச் சமைக்க வைத்திருக்கிறோம்.

இதை, இந்தச் சடங்குகளை மறுக்கும் வஹ்ஹாபிகளின் பேச்சு என்று சொல்லிவிடாதே. நாம் இமாம் ஷாபிஈயின் மத்ஹபை (சட்ட வழியை)ப் பின்பற்றுகிறவர்கள். மையத்து வீட்டார் உணவு தயாரித்து ஆட்களைக் கூட்டுவது பற்றி எதுவும் அறிவிக்கப்படவில்லை, அது விரும்பத்தகாத பித்அத் (மார்க்கத்தில் புதிதாகச் சேர்த்தது) என்று நம் இமாம் நவவியின் அல்மஜ்மூஃவிலேயே இருக்கிறது. ஓதிய நன்மை மையத்துக்குச் சேருமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் நான் சண்டைக்கு வரவில்லை. சுபஹுத் தொழுகையில் குனூத் என்ற துஆ ஓதுவது பற்றியும் எனக்குச் சண்டை இல்லை, அதெல்லாம் இமாம்கள் ஆதாரத்தோடு வேறுபட்ட இடங்கள். இதற்காகப் பள்ளியில் முகம் திருப்பி, ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் நோகிறது. என் பேச்சு நாள் குறிப்பதைப் பற்றியும், அதை மார்க்கமாக்குவதைப் பற்றியும்தான்.

மைக்கில் பாங்கு சொல்வதும் புதிதுதானே என்றும் கேட்டாய். மைக் குரலைத் தூரம் கொண்டுபோகிறது, பாங்கில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. இபாதத்தில் (வணக்கத்தில்) நபியவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தூங்கும்போது ஓதும் துஆவைத் தம் தோழர் பராஃ (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ‘உன் நபியை’ என்று வரும். பராஃ திருப்பிச் சொல்லும்போது ‘உன் ரசூலை’ என்றார். மரியாதையில் குறைந்த சொல்லா அது? ஆனாலும், இல்லை, ‘உன் நபியை’ என்றே சொல் எனத் திருத்தினார்கள். “நம்முடைய இந்த மார்க்கத்தில் இல்லாததை யார் புதிதாக உண்டாக்குகிறாரோ அது நிராகரிக்கப்படும்” என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. உம்மாவுக்கென்று சங்கிலியை அடைவு வைத்து நீ செய்வது ஏற்கப்படாமல் திரும்பிவிட்டால்?

அப்போ உம்மாவுக்கு ஒன்றும் செய்யக்கூடாதா என்று நினைக்காதே. நபித்தோழர் ஸஃத் இப்னு உபாதா (ரலி) உன்னைப் போலத்தான். தாய் மௌத்தானபோது பக்கத்தில் இல்லை. நபியவர்களிடம் வந்து, உம்மாவுக்காக ஸதகா (தர்மம்) கொடுத்தால் அவருக்குப் பயன் கிடைக்குமா என்று கேட்டார். ஆம் என்றார்கள். உடனே தன் தோட்டத்தைத் தாய்க்காக ஸதகாவாகக் கொடுத்துவிட்டார். உனக்கு வழி அங்கே திறந்துதான் இருக்கிறது. பந்தல் வேண்டாம், நாற்பதாம் நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தொழுகையிலும் உம்மாவுக்கு துஆ செய்.

இன்னொன்று. உம்மாவின் அலுமாரியில் ஒரு கொப்பி இருந்தது. வாங்கிய கைமாற்றை எல்லாம் எழுதி, கொடுத்ததும் கோடு போட்டு வெட்டியிருக்கிறார். இரண்டு பெயர் வெட்டாமல் இருக்கிறது. ஒன்றை நேற்று ஐந்து சந்திப் பக்கம் போய்க் கொடுத்துவிட்டேன். மற்றவர் புத்தளத்தில், நாம் இருந்த முகாமுக்குப் பக்கத்தில் இருக்கிறார், 4,500 ரூபாய். அதை நீயே கொடு. கொடுத்துவிட்டு ஒரு கோல் எடு, கொப்பியில் வெட்டிவிடுகிறேன்.

வஸ்ஸலாம்,
உன் நானா