குப்பம்மாள் என்ற பெயருக்குப் பொருள் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தாங்கள் வெளியிட்ட ‘செல்லத்துக்கு அர்த்தமுள்ள நூறு பெயர்கள்’ என்ற கட்டுரையை இருமுறை படித்தேன். எட்டு நாள்களுக்கு முன்புதான் என் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதால், அன்று எங்கள் வீட்டில் அந்த இணைப்பிதழுக்கு இருந்த மதிப்பு பஞ்சாங்கத்துக்குக்கூட இல்லை. ஆனால் அதன் முதல் பத்தியிலேயே, ‘குப்பு, பிச்சை என்று பொருளற்ற பெயர்களைச் சூட்டிய காலம் மலையேறிவிட்டது’ என்று ஒரு வரி இருந்தது. இக்கடிதத்தின் கீழே உள்ள பெயரைப் பார்த்துவிட்டு, தாங்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

எனக்கு முன் பிறந்த மூவரும் ஆண்டு நிறைவைக் காணவில்லை. செய்யாற்றுப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நான் பிறந்ததும், என் ஆயா என்னை ஒரு பழைய முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தாராம். யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னை எடுத்துக்கொண்டாராம். பிறகு என் அம்மா ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாராம். எமனுடைய கண்ணுக்கு இது வேண்டாத பிள்ளை என்று தோன்றட்டும் என்பதற்காகச் செய்த நாடகம் அது. அந்த முறத்தை அம்மா கடைசிவரை பரணில் வைத்திருந்தார். ஒரு பக்கம் பின்னல் விட்டுப்போய், சாணம் மெழுகிய தடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. ஒரு பெயருக்கு இதைவிட என்ன பொருள் வேண்டும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

பிச்சை என்ற பெயரும் அப்படித்தான். தெய்வத்திடம் கையேந்திப் பெற்ற பிள்ளை என்பதால் வைத்த பெயர் அது. தங்கள் பட்டியலில் பதினேழு பெயர்களுக்கு எதிரே ‘கடவுளின் பரிசு’ என்று அச்சாகியிருப்பதைப் பென்சிலால் குறித்து எண்ணினேன். அந்தப் பதினேழும் எந்த மொழிச் சொற்கள், எந்த வேரிலிருந்து வந்தவை என்பதற்கு ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை. கடவுளின் பரிசு என்றால் நாகரிகம், பிச்சை என்றால் பொருளில்லை போலும்! பெண் பிறந்தது போதும் என்று அலுத்துக்கொண்டு வைத்த போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களுக்காக நான் வாதாட மாட்டேன். அவற்றின் குறை பொருள் இல்லாததன்று, பொருள் இருப்பதுதான்.

நட்சத்திர எழுத்துப் பட்டியலையும் தாங்கள் விடவில்லை. என் பேத்தி திருவாதிரை மூன்றாம் பாதம். அதற்குரிய எழுத்து ‘ங’ என்று போட்டிருக்கிறீர்கள். ஔவையாரே ‘ஙப் போல் வளை’ என்று அந்த எழுத்தையே சொல்லாக்கித்தான் கடந்துபோனார். எல்லாம் அறிந்த ஆசிரியர் ஆகிய தாங்கள், ‘ங’வில் தொடங்கும் பெண் பெயர் ஒன்றை மட்டும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெயர்த்தி என்பதே பேத்தி ஆயிற்று என்றும், பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்பது அதன் பொருள் என்றும் எங்களுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்காக என் பெயரைக் குழந்தைக்கு வைக்கும்படி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தட்டச்சராக இருந்த முப்பத்தோராண்டுகளில், ஒவ்வொரு புதிய அதிகாரியும் வருகைப் பதிவேட்டைப் புரட்டி என் பெயரில் ஒரு கணம் நின்று அடக்கிக்கொண்ட சிரிப்பு எனக்குப் போதும். 2011ஆம் ஆண்டு தங்கள் மார்கழிக் கோலப் போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தபோதும், தாங்கள் ‘கே. அம்மாள், பெரம்பூர்’ என்றுதான் அச்சிட்டீர்கள். இடப் பற்றாக்குறை என்று அப்போது என்னை நானே தேற்றிக்கொண்டேன். காரணம் இப்போது விளங்குகிறது.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம்தான். கட்டுரையின் கீழே கட்டம் கட்டி, ‘21 நாள்களுக்குள் பெயரோடு பதிவு செய்யாவிட்டால் பிறகு பெயரைச் சேர்க்க முடியாது’ என்று எச்சரித்திருக்கிறீர்கள். பிறப்பைத்தான் 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. இது தெரியாமல் என் மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு, தங்கள் பட்டியலில் விரலை ஓட்டியபடி மூன்று நாள்களாகத் தவித்துக்கொண்டிருக்கிறான். தாய்க்காரியோ, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில்கூடக் கைப்பேசியில் பெயர் தேடுகிறாள். வரும் ஞாயிறன்று இரண்டு வரியில் இதைத் திருத்தி வெளியிட்டால், என்னைப் போன்ற பல வீடுகளில் அவசரம் குறையும்.

இக்கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், இடம் போதாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். என் பெயரை மட்டும் முழுமையாக அச்சிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
இரா. குப்பம்மாள்,
பெரம்பூர், சென்னை – 11