அயலவரின் அணுவாயுதப் போட்டியும் நம் பாதுகாப்பும்: பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் ஏவுகணைகளாலும் ட்ரோன்களாலும் மோதிக்கொண்டபோது, யார் பக்கம் நியாயம் என்று பேச நம்மிடையே பலர் இருந்தனர். அந்த மோதல் கைமீறியிருந்தால் இந்தத் தீவுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அக்கேள்வி முதலில் எழ வேண்டிய இடம் உங்கள் அவை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170, சீனாவிடம் குறைந்தது 600 அணுவாயுதங்கள் உள்ளன. 1998இல் இந்தியாவின் பொக்ரானிலும் பாகிஸ்தானின் சாகாயிலும் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபோது தொலைவிலுள்ள பாலைவனத்துக்கும் மலைக்கும் உரியதாகத் தெரிந்த இந்தப் போட்டி, இன்று கடலுக்குள் இறங்கிவிட்டது. அணுவாயுதம் சுமக்கும் இந்திய நீர்மூழ்கிகளில் இரண்டாவதான அரிகாத், 2024 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அந்நகரின் முன் விரியும் வங்காள விரிகுடாவே திருகோணமலையின் முன்னும் விரிகிறது. ஏவுகணைகளையும் செய்மதிகளையும் கண்காணிக்கும் திறனுள்ள சீனாவின் யுவான் வாங் 5 கப்பல், 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது நம் அரசு முதலில் வருகையைத் தள்ளிப்போடக் கேட்டு, பின்னர் அனுமதித்தது. பொருளாதாரம் நிலைகுலைந்திருந்த வேளையில், இந்தியா, சீனா ஆகிய இரு வல்லரசுகளின் அழுத்தத்தையும் தாங்குவதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் நம் கையில் இருக்கவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து உணவில் இருக்கிறது, அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். ஹிரோஷிமா அளவிலான 100 குண்டுகள் தெற்காசிய நகரங்களில் வெடித்தால் ஏறத்தாழ 50 லட்சம் தொன் கரிப்புகை மேல்வளிமண்டலத்தில் பரவி, உலகின் சராசரி வெப்பநிலையை ஒரு பாகைக்கு மேல் குறைத்து, மழையையும் பல ஆண்டுகளுக்குக் குன்றச் செய்யும் என்று 2007இல் காலநிலை விஞ்ஞானிகள் கணித்தனர். நம் மண்ணில் ஒரு குண்டும் விழாமலேயே பெரும்போகமும் சிறுபோகமும் பொய்க்கலாம். 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் விளைச்சல் சரிந்தபோது அரிசியை இறக்குமதி செய்து சமாளித்தோம், ஏனெனில் விற்பதற்கு அயலவரிடம் அரிசி இருந்தது. 2023 ஜூலையில் உள்நாட்டு விலையேற்றத்துக்காகவே இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது என்றால், பிராந்தியமே பட்டினியில் இருக்கும்போது நமக்கு யார் விற்பார்கள்?

தவறுகளும் நேரும். 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாக ஏவப்பட்ட ஏவுகணை ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னுவில் விழுந்தது. அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988இல் உடன்பட்ட இரு நாடுகளும் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் அவற்றின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டின் கூடங்குளம், கல்பாக்கம் அணுமின் நிலையங்கள் நம் கரைக்கு எதிரே இருந்தும், அந்த ஏற்பாட்டில் நமக்கு இடமில்லை.

இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் தீர்மானத்தை 1971இல் ஐ.நா.வுக்குக் கொண்டுசென்ற நாடு இது. நம் நாட்டு இராஜதந்திரி ஜயந்த தனபாலவும் சர்வதேச நீதிமன்றத்தில் இருந்த நீதியரசர் வீரமந்திரியும் அணுவாயுதங்களுக்கு எதிராக உலக அரங்கில் வாதாடியவர்கள். 2023இல் அணுவாயுதத் தடை உடன்படிக்கையிலும் இணைந்தோம். அந்த இணைவு சட்டமாக வேண்டும்: 1987இல் நியூசிலாந்து செய்ததைப் போல, அணுவாயுதம் தாங்கிய எந்த நாட்டுக் கப்பலும் நம் துறைமுகங்களுக்குள் வரக்கூடாது என்று எழுதுங்கள். அது டில்லிக்கும் பெய்ஜிங்குக்கும் ஒரே பதிலாக இருக்கும். 2015இல் இந்தியாவுடன் கைச்சாத்திட்ட அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையைப் பயன்படுத்தி, போர்க்காலத்திலும் அணுநிலைய விபத்துகளை உடனடியாக நமக்கு அறிவிக்கும் உறுதியைக் கேளுங்கள். வர்த்தகம் நின்றுபோனால் நெல் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதை உரிய அமைச்சுகளிடமிருந்து பெற்று, அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்துக்கு முன் சபையில் சமர்ப்பியுங்கள்.

இப்படிக்கு,
இலங்கை வாக்காளர் ஒருவர்