வியாழக்கிழமைக்கு முதல்

கிளாஸ்கோ
ஞாயிறு இரவு

அன்பின் சுபா,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கினதும் அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடிவிட்டது, வேறு புதினம் இல்லை. வசந்தி அனுப்பிய கலியாணப் படங்களில் உன்னைப் பார்த்தேன். அந்த மாம்பழ மஞ்சள் சேலையை நீ இன்னும் விடவில்லையா? செல்வி மிஸ் கண்டால் விடமாட்டா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பத்தாம் ஆண்டுப் பெடியனின் புத்தகப் பைக்குள் துவாயில் சுற்றிய கத்தி. அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் வாள்வெட்டுக் குழுவில் இருக்கிறான் என்ற கதை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பப் போகிறார்கள் என்றாய். அனுப்ப விடாதே சுபா. நீ உப அதிபர், உன் சொல் எடுபடும்.

நான் வேலை செய்கிற ஊரின் கதையை உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்றுதான் கிளாஸ்கோவைப் பத்திரிகைகள் எழுதின. கடைவாயிலிருந்து காதுவரை இழுத்த தழும்போடு ஐம்பது வயது ஆண்கள் இப்போதும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நெஞ்சு நோவென்று வருவார்கள். அவர்கள் பெடியன்களாக இருந்தபோது பக்கத்துத் தெருவுக்குள் கால் வைத்தாலே வெட்டு. பொலிஸ் பிடித்தது, கோர்ட் மறியலில் போட்டது, வெட்டு மட்டும் நிற்கவில்லை.

2005இல் பொலிசுக்குள்ளேயே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். கேரன் மக்ளஸ்கி, ஜோன் கார்னகன் என்று இரண்டு பேர். கேரன் முதலில் தாதியாகப் படித்தவர், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வன்முறை தொற்றுநோய் போலப் பரவுகிறது, அப்படியே அதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் பிடித்த பிடி. கொலைகளைத் துப்பறிந்தே காலம் போக்கிய ஜோன், ஆயிரம் பொலிஸ்காரர் வேண்டுமா, வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்க்கும் ஆயிரம் தாதிமார் வேண்டுமா என்று கேட்டால் தாதிமாரைத்தான் கேட்பேன் என்று சொல்லி வந்தார்.

2008இல் நகரத்தின் கிழக்குப் பக்கக் குழுப் பெடியன்களைக் கோர்ட்டுக்குள்ளேயே கூப்பிட்டு இருத்தினார்கள். யார் யாரென்று எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் வெட்டினால் குழு முழுக்கப் பொறுப்பு என்றது பொலிஸ். அடுத்து ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் எழும்பி வெட்டுப்பட்ட முகங்களைத் தைக்கிற கதையைச் சொன்னார். அவருக்குப் பின்னால் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம்: விட்டுவிட விரும்புகிறவன் எடுக்கலாம், வேலை, படிப்பு, குடியை நிறுத்த உதவி, எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. அந்தத் திட்டத்தை மூன்று வருடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்னும் கோபம்.

2015 முடிவில் ரோயல் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ‘நவிகேட்டர்’, அதாவது வழிகாட்டி, என்று ஆட்களை விட்டார்கள். சிலர் தாங்களே ஒரு காலத்தில் கத்தியோடு திரிந்தவர்கள். போன மாதம் ஒரு பெடியன், பதினேழு இருக்கும், உள்ளங்கை நரம்பு அறுந்து வந்தான். பொலிசுக்குப் பெயர்கூடச் சொல்லவில்லை. நவிகேட்டர் வந்து பக்கத்தில் இருந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார், ஃபோனுக்குச் சார்ஜர் கொடுத்தார். வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்துப் பெடியன் தானாகவே, இன்றைக்கு இரவு படுக்க எனக்கு இடமில்லை என்றான்.

தண்டனையை விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதே. கத்தி வைத்திருந்தால் கூடியது 4 வருடம் என்று இருந்ததை 2016இல் 5 ஆக்கினார்கள். ஆனால் ஸ்கொட்லாந்துப் பாடசாலைகள் பிள்ளைகளைத் தற்காலிகமாகவோ ஒரேயடியாகவோ வெளியே அனுப்புவது 2006-07இல் 44,000க்கு மேல் இருந்தது, பத்து வருடத்துக்குள் 20,000க்குக் கீழே வந்துவிட்டது. ஸ்கொட்லாந்தில் 2004-05இல் 130க்கு மேல் இருந்த கொலைகள் 2023-24இல் 60க்கும் குறைவு. எது எதனால் குறைந்தது என்று ஆராய்ச்சிக்காரர் இன்னும் வாதாடுகிறார்கள். வெளியே விட்ட பெடியனைப் பகல் முழுக்க யார் பார்ப்பது என்பதுதான் என் கேள்வி. உங்கள் ஊரில் அதற்கு விடை உனக்கே தெரியும்: அந்த ஒன்றுவிட்ட அண்ணன்.

ஆகவே வியாழனுக்கு முதல் அவனைக் கூப்பிட்டுக் கதை. கத்தி எடுப்புக்கா, பயத்துக்கா? ரியூசன் முடிந்து இருட்டில் வருகிற வழியில் எவனாவது மறிக்கிறானா? ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், கிராம அலுவலர், நன்னடத்தை உத்தியோகத்தர், அந்தப் பக்க விளையாட்டுக் கழகத்தில் பெடியன் மதிக்கிற ஒரு ஆள், தாய் - இவ்வளவு பேரையும் ஒரு மேசையில் இருத்து. பொலிசும் வரட்டும், ஆனால் வகுப்புக்குள் சீருடையோடு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போக விடாதே. அதிபர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு தவணை மட்டும் கேள்.

செவ்வாய், புதன் எனக்கு இரவு வேலை இல்லை. உங்கள் நேரம் எட்டு மணிக்குப் பிறகு எடு. பாமாவின் கணவர் இப்போதும் வலயக் கல்விப் பணிமனையில்தானே? அவரிடமும் ஒரு சொல் போட்டு வை.

அன்புடன்,
மீரா