செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு ஸ்ட்ரீட் ஃபைட்டர், மூன்று மெஷின்கள்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. சந்தா பாக்கி இருப்பவர்கள் இன்றைக்கே கட்டிவிட்டால் அவருக்கு வேலை குறையும். மாதாமாதம் அறை கொடுத்து உதவிய சமூக மன்ற ஊழியர்களுக்கு நம் நன்றி.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த வேலை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ கேமின் ஒப்பீடுதான். கேப்காம் நிறுவனம் 1991இல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் கடை மெஷினுக்கு, வெளியிட்ட கேம் வீட்டுக்கு வந்தபோது எந்த மெஷினில் நன்றாக வந்தது என்று நம் குழுவில் சண்டை போடாத ஆளே இல்லை, அதனால் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம், சேகாவின் மெகா டிரைவ், என்இசியின் பிசி எஞ்சின் என்ற மூன்று வீட்டு கேம் மெஷின்களையும் ஒரே மேசையில் வைத்தோம். 1992இல் வந்த முதல் சூப்பர் ஃபாமிகாம் கேசட்டை வேண்டுமென்றே ஒதுக்கினோம். அதில் கடைசியில் வரும் நான்கு பெரிய வில்லன்களை, பாஸ்களை, எடுத்து ஆட முடியாது, மெகா டிரைவ் கேசட்டில் முடியும். ஆகவே பாஸ்களையும் ஆடக்கூடிய, 1993இல் வந்த வேகமான பதிப்பான டர்போவைத்தான் எதிரே நிறுத்தினோம்.

சிங்கப்பூரில் இதைச் செய்ய இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊர் பழைய டிவி முறை பிஏஎல், 50 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கும். அந்த முறைக்கான மெஷினில், சரியாகத் திருத்தாத கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், வேகம்தான் உயிர் என்கிற கேமுக்கு அது ஆகவே ஆகாது. அதனால் மூன்றுமே 60 ஹெர்ட்ஸ் ஜப்பான் மெஷின்கள். அவை 100 வோல்ட், நம் சாக்கெட் 230, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மரும் பழைய டியூப் டிவியும் கொண்டுவந்த தோ பாயோ அண்ணனுக்குத் தனி நன்றி. 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகும் அந்த டிவியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாரே, அது பெரிய விஷயம். புது டிவியில் பட்டனை அழுத்தியதற்கும் அடி விழுவதற்கும் நடுவே வரும் தாமதத்தில் எந்த ஒப்பீடும் பொய்யாகிவிடும்.

சரி, என்ன தெரிந்தது? கண்ணுக்கும் காதுக்கும் சூப்பர் ஃபாமிகாம்தான். மெகா டிரைவ் ஒரே நேரத்தில் 64 நிறம்தான் காட்டும், சூப்பர் ஃபாமிகாம் 256 காட்டும். கேசட்டின் கொள்ளளவு மெகா டிரைவில் 24 மெகாபிட், டர்போவில் 20தான், ஆனாலும் மெகா டிரைவில் குரல்கள் தொண்டை கட்டியது போல வருகின்றன.

ஆனால் கேமில் வரும் யோகி டால்சிமை எடுத்து ஆடிப் பாருங்கள், எல்லாம் மாறிவிடும். நீளும் கையும் காலும்தான் அவருடைய பலம், லேசான அடி, நடுத்தர அடி, பலத்த அடி ஒவ்வொன்றும் எட்டும் தூரம் வேறு, குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என்று ஆறு பட்டனும் விரலடியில் இருந்தாக வேண்டும். மெகா டிரைவின் பழைய மூன்று பட்டன் பேடில் குத்துக்கும் உதைக்கும் மாற ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும், அதில் அவரை ஆடவே முடியாது. 1993இல் வந்த ஆறு பட்டன் பேடில் ஆர்கேடு போலவே மேலே மூன்று, கீழே மூன்று! சூப்பர் ஃபாமிகாமில் பலத்த அடி இரண்டும் தோள் பட்டனில் இருக்கிறது, பழகலாம், ஆனால் பதற்றத்தில் விரல் தேடும். கையை வைத்துச் சொன்னால் என் ஓட்டு ஆறு பட்டன் மெகா டிரைவுக்கு, செயற்குழுவில் பாதிப் பேர் இதை ஒப்பவில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

பிசி எஞ்சின்தான் எல்லாரையும் அசத்தியது. எட்டு பிட் செயலி, சின்ன அட்டைக்குள் 20 மெகாபிட், எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேல். டர்போ வேகம் இல்லை, மெஷினோடு வரும் பேடில் இரண்டே பட்டன், அதற்கும் ஆறு பட்டன் பேடு தனியாக வாங்கத்தான் வேண்டும்.

அடுத்த ஆண்டு ஒப்பீட்டுக்கு அலாதீன் கேம். மெகா டிரைவுக்கு வர்ஜின் நிறுவனம், சூப்பர் ஃபாமிகாமுக்கு கேப்காம் என்று 1993இல் தனித்தனியாகச் செய்த இரண்டு வேறு கேம்கள். ஒன்றில் அலாதீன் கையில் வாள், மற்றதில் எதிரி தலைமேல் குதிக்க வேண்டும். கேசட் வைத்திருப்பவர்கள் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள், இன்னொரு டியூப் டிவி கிடைத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்