ஆம்ப்ளிஃபயர் ஏன் போனது என்று யாரும் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொளத்தூரில் சொந்தமாக 12 சீட் வேன் வைத்து ஓட்டுகிறேன். திருப்பதி, மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி என்று கோயில் சவாரிதான் அதிகம். ஆடி பிறந்துவிட்டால் வண்டியில் அம்மன் பாட்டு ஓடியே ஆக வேண்டும். பாட்டு நின்றால் பின்சீட்டில் இருக்கும் பாட்டியம்மா முதற்கொண்டு என்னப்பா ஆச்சு என்று கேட்பார்கள்.

போன ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாட்டு நின்றது. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. இதை புரொடெக்ட் என்பார்கள். உள்ளேயோ வெளியேயோ ஏதோ கோளாறு, அதனால் ஆம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்று அர்த்தம்.

கழற்றிக்கொண்டு கார் ஆக்சசரீஸ் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “போர்டு போயிடுச்சுண்ணா. இதெல்லாம் இப்போ யாரும் பார்க்கிறதில்லை, புதுசு போட்டுக்குங்க” என்றான். புதுசு 11,500 ரூபாய். இன்னொரு கடையில் திறந்து பார்த்தார்கள். ஒரு சின்ன ஐசியின் (சிப்) மேல் இருந்த நம்பரைக் கம்பெனிக்காரர்களே தேய்த்து அழித்திருந்தார்கள். “நம்பர் தெரியாம எதை வாங்கி மாத்துறது?” என்று அந்தக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கேட்டது நியாயம்.

ஸ்டியரிங் பிடிப்பதற்கு முன்னால் நான் கிண்டி ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்தவன். அன்று ராத்திரி பழைய மல்டிமீட்டரைத் தேடி எடுத்தேன்.

முதலில் ஸ்பீக்கர் ஒயர்களையும் பாட்டு வரும் ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, பேட்டரி, எர்த், ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயர் மூன்றை மட்டும் மாட்டிப் பார்த்தேன். இப்படிச் செய்யும்போது பச்சை விளக்கு வந்தால் கோளாறு வெளியே, ஸ்பீக்கரிலோ ஒயரிலோ. சிவப்பே எரிந்தால் பெரும்பாலும் ஆம்புக்கு உள்ளே. எனக்குச் சிவப்புதான் எரிந்தது. எஞ்சின் ஓடும்போது ஆம்பின் முனையில் 14 வோல்ட் வந்தது, ஃபியூஸ் இரண்டும் நன்றாக இருந்தன. சரி, உள்ளேதான் என்று ஒயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் திறந்தேன்.

எங்கும் கருகல் இல்லை. சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட்சிங்கில் வரிசையாகத் திருகி வைத்திருக்கும் ட்ரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் தொட்டுக்கொண்டே வந்தேன். முன்பக்க இடது சேனலில் ஒன்று மட்டும் பீப் என்று விடாமல் கத்தியது, ஷார்ட் என்பதற்கு அடையாளம். போர்டில் இருக்கும்போது மீட்டர் ஏமாற்றும், அதனால் ஈயத்தை எடுத்துக் கழற்றித் தனியாக வைத்துப் பார்த்தேன். அப்போதும் கத்தியது. டிப் 35சி நம்பர், முழு ஷார்ட். பக்கத்தில் இருந்த வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டரில் முடி போல ஒரு விரிசல். நம்பரை அழித்து வைத்திருந்த அந்த ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை!

மறுநாள் காலை எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கும் ரிச்சி தெரு. அங்கே ஒரு சின்னக் கடையில் வயதான ஒருவர் என் பழைய ட்ரான்சிஸ்டரை இடது உள்ளங்கையிலும் புதியதை வலது உள்ளங்கையிலும் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு புதியதை டப்பாவில் போட்டுவிட்டு வேறொரு டப்பாவில் இருந்து எடுத்தார். “முதல்ல எடுத்தது எடை கம்மியா இருக்கு தம்பி. டூப்ளிகேட், ஒரு வாரம் தாங்காது” என்றார். டிப் 35சியும் அதன் ஜோடி 36சியும் சேர்த்து 160 ரூபாய். ஒன்று போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ரெசிஸ்டர், மைக்கா தாள், வெள்ளை பேஸ்ட் எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது. அந்த மைக்கா தாளை மறந்தால் ட்ரான்சிஸ்டரின் முதுகு ஹீட்சிங்கில் பட்டு மறுபடி ஷார்ட்தான்.

மாட்டியதும் நேராக பேட்டரியில் கொடுக்கவில்லை. ஒரு பழைய ஹெட்லைட் பல்பை பேட்டரி ஒயரில் சீரியலாகப் போட்டேன். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், புதிய ட்ரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கியது. பச்சை விளக்கு வந்தது. என் மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அதற்கு அப்புறம் நடந்ததற்காக. அது ஏன் போனது என்று தெரியாமல் ஸ்பீக்கரை மாட்ட மனம் வரவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் வண்டி பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். கிளீனர் பக்கக் கதவு மூடியிருந்தால் மீட்டர் சும்மா இருந்தது. கதவை அகலத் திறந்தால் கத்தியது. கீலுக்குப் பக்கத்தில் ஒயர் நுழையும் ரப்பர் குழாய் கிழிந்து, ஒயரின் தோல் தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. பாட்டு ஓடும்போது கதவைத் திறந்து ஆளை ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் அது இரும்பில் பட்டிருக்கிறது. கடைப் பையன் சொன்னபடி 11,500 ரூபாய் கொடுத்துப் புதுசு மாட்டியிருந்தால், அதையும் அதே கதவு தின்றிருக்கும்.

நம் ஊரில் இதே போல் எத்தனை பேர் இரண்டாவது, மூன்றாவது ஆம்ப் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்களுடைய பழைய ஆம்ப் எல்லாம் எடைக்கு எடை அலுமினியமாகக் காயலான் கடைக்குப் போயிருக்கும். கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய வித்தை இல்லை. புதுசு விற்கும் முன் ஸ்பீக்கர் ஒயர்களை மீட்டரில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பழையதில் எது போனது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன் மற்றும் மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள் அதில் வருகின்றன. நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். அதில் என் ஆம்ப் கம்பெனியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கார் ஆடியோ கம்பெனிகளையும் அதற்குள் கொண்டுவர வேண்டும், சர்க்யூட் படத்தை வெளியிடச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளில் நம்பரைத் தேய்த்து அழிப்பதைத் தடை செய்ய வேண்டும்.

என் வண்டியில் அதே ஆம்ப்தான் இன்றும் பாடுகிறது. கதவுக்குப் புது ரப்பர் குழாய் போட்டுவிட்டேன். நம்பர் இல்லாத அந்த ஐசி போகும் நாளில் மட்டும் எனக்கு வழியில்லை. அதற்குள் அதன் நம்பர் இருக்கும் சர்க்யூட் படம் கையில் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேன் ஓட்டுநர் ஒருவர்,
கொளத்தூர், சென்னை - 99