மழைக்காலத்தில் கிராமத் தார்ச்சாலைகளில் சர்வதேச கார் ராலி நடத்தவும், அதை ஊரைக் கேட்டு நடத்தவும் கோரும் மனு

அனுப்புநர்:
பந்தயத் தன்னார்வ மார்ஷல்,
அம்பத்தூர், சென்னை – 600 053.
(சொந்த ஊர்: உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: உத்திரமேரூர், மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் வட்டாரச் சாலைகளில் சர்வதேச தார்ச்சாலை ராலி நடத்துவது – கிராம சபைகளின் சம்மதம் பெறுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் அம்பத்தூரில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். 11 ஆண்டுகளாக லீவு நாட்களில் மோட்டார் பந்தயங்களுக்கு மார்ஷலாக, அதாவது பாதையோரம் நின்று கொடி காட்டிப் பாதுகாப்பு பார்க்கும் ஆளாக, போய்வருகிறேன். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் கொடி பிடித்திருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கமும் சிக்கமகளூர்ப் பக்கமும் நடந்த ராலிகளில் வளைவோரம் நின்றிருக்கிறேன். சம்பளம் கிடையாது. ஒரு ரெயின்கோட், ஒரு விசில், மதியம் ஒரு பொட்டலச் சோறு, அவ்வளவுதான். ஆசைக்காகப் போகிறேன்.

என் கோரிக்கை இதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சென்னைக்குத் தெற்கே உள்ள எங்கள் வட்டாரக் கிராமத் தார்ச்சாலைகளில் ஒரு சர்வதேச கார் ராலியை அரசு நடத்த வேண்டும். அந்தந்த ஊர்களின் சம்மதத்தைப் பெற்ற பிறகே நடத்த வேண்டும். சம்மதம் இல்லாத ராலி எனக்கு வேண்டாம். அதனால்தான் இரண்டையும் ஒரே மனுவில் எழுதுகிறேன்.

ராலி என்றால் எங்கள் ஊரில் கட்சிப் பேரணி என்று நினைப்பார்கள், ஆகவே சின்ன விளக்கம். ட்ராக் பந்தயம் மாதிரி இதில் கார்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடுவதில்லை. பொதுச்சாலையில் ஒரு பகுதியைச் சில மணி நேரம் மூடி, ஒன்று இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். இந்த மூடிய பகுதிக்குப் பெயர் ஸ்டேஜ். யார் குறைந்த நேரத்தில் கடந்தார் என்பதுதான் கணக்கு. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அதே கார்கள் சிக்னலில் நின்று, மற்ற வண்டிகளைப் போலச் சாலை விதிப்படிதான் போக வேண்டும். காருக்குள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், பக்கத்தில் இருக்கும் நேவிகேட்டர், முன்கூட்டியே மெதுவாக ஓட்டிப் பார்த்து எழுதிய குறிப்பை வாசித்துக்கொண்டே வருவார். எத்தனை மீட்டரில் வளைவு, எவ்வளவு கூர்மை, அதற்குப் பின்னால் பாலமா மரமா, எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

நம் நாட்டில் ராலி என்றால் பெரும்பாலும் மண் பாதைதான். மண் பாதையில் மழை பெய்தால் சேறு. கார் வழுக்கும், ஆனால் வழி நெடுக வழுக்கும் என்று ஓட்டுபவருக்குத் தெரியும். நனைந்த தார்ச்சாலை அப்படியில்லை, ஒரே கிலோமீட்டருக்குள் நாலு குணம் காட்டும். புது ஜல்லி போட்ட இடத்தில் டயர் ஒட்டும். பழைய தார் பளபளத்துப் போன இடத்தில் சறுக்கும். புளியமரத்தடியில் இலையும் பழமும் நசுங்கிக் கிடக்கும். சாலை லேசாக உள்வாங்கிய இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். வேகமாக வரும் கார் அதில் இறங்கினால், டயர் பட்டனுக்கு இடையே உள்ள பள்ளங்களால் அத்தனை தண்ணீரையும் வெளியே தள்ள முடியாது. டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து கார் மிதக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. வளைவில் நேரம் மிச்சம் பிடிக்க ஓட்டுபவர்கள் சாலையின் உள் ஓரத்து மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றுவார்கள். எங்கள் பக்கத்து மண் நனைந்தால் களிம்பு மாதிரி. ஒவ்வொரு காரும் ஒரு கை மண்ணைத் தார் மேல் இழுத்துப் போட்டுவிட்டுப் போகும். முதலில் போகிறவருக்குச் சுத்தமான சாலை, இருபதாவதாக வருகிறவருக்குச் சேற்றுப் பூச்சு. மண் பாதையில் இது நேர் தலைகீழ்: முதல் கார் சரளையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகும், பின்னால் வருகிறவர்களுக்குத்தான் லாபம்.

2023 நவம்பரில் ஜப்பானின் ஐச்சி பகுதியில் நடந்த உலக ராலியில், வெள்ளிக்கிழமை காலை மழையில், தண்ணீர் தேங்கிய ஒரே வளைவில் மூன்று பேர் அடுத்தடுத்துச் சாலையை விட்டு வெளியே போனார்கள். மூவரும் உலகத்தின் முன்வரிசை ஓட்டுநர்கள். அதில் ஒருவரான தகமோட்டோ கட்சுட்டா அந்த ஐச்சி மண்ணிலேயே பிறந்தவர். 2009இல் அயர்லாந்தின் ஸ்லைகோ நகரை மையமாக வைத்து நடந்த உலக ராலியும் இப்படித்தான்: குளிர்கால மழை, தண்ணீர் புரளும் ஒற்றைச் சாலை. செபாஸ்டியன் லோப் ஜெயித்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஏரிக்கரை ரோடுதான் நினைவுக்கு வரும். ஏறக்குறைய அதே அகலம், அதே மாதிரி ஓரத்தில் பள்ளம், அதே சாம்பல் நிற வானம்.

இதற்கான தொழில் எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் அணியில் ஓட்டிய எஃப்ரென் யரேனா 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். 2021இல் பெல்ஜியத்தின் ஈப்பர் ராலியில், வயல்களுக்கு நடுவே போகும் தார்ச்சாலைகளில், தியரி நூவில் ஜெயித்தது ஹூண்டாய் ஐ20 பெயர் தாங்கிய காரில். அந்தப் போட்டிக் காரை ஜெர்மனியில் செய்கிறார்கள் என்றாலும், அதே பெயரில் மக்கள் வாங்கும் கார் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வருவது தங்களுக்குத் தெரியும். டயரும் காரும் இங்கிருந்து போகின்றன. அவை ஓடும் ராலியை நம் பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அரசால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன சென்னைத் தீவுத்திடல் இரவுக் கார் பந்தயம், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று கையில் வராமல் கார் ஓடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. முதல் நாள் மழையும் வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள், சான்று வந்த பிறகுதான் அடுத்த வேலை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கிராமச் சாலைக்கும் அதே கண்டிப்பைக் கேட்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் நடந்தது அப்படி. வெளியூரில் ஒரு ராலி, தூறல். நான் ஒரு சிறு பாலத்தின் பக்கம் ரேடியோவுடன் நின்றிருந்தேன். மூன்று கார்கள் போய்விட்டன. நாலாவது வருவதற்குள், வரப்பிலிருந்து ஒரு பாட்டி ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு சாலை மேல் ஏறிவிட்டார். நான் ரேடியோவில் கத்தி, சிவப்புக் கொடி காட்டி, ஆடுகளை ஓடவிட்டு, பாட்டியைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். கார் வேகத்தைக் குறைத்து நின்றது. அதற்குள் என் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கும் எங்கள் பக்கத்துப் பேச்சுதான். கையை உதறிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, எங்க ரோட்ட மூடுறதுக்கு எங்களாண்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ஊர் எல்லையில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். பாட்டிக்கு எழுத்து தெரியாது, அவர் பேனர் பக்கமே வரவும் இல்லை.

அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் நடந்த தேசிய ராலியில், மூடிய பாதைக்குள் பைக்கில் வந்த ஒரே குடும்பத்தினர் மூன்று பேர் இறந்தார்கள். 2022இல் ஜப்பான் ராலியிலேயே, அத்தனை ஏற்பாடு உள்ள நாட்டில், ஸ்டேஜுக்குள் ஒரு பொதுமக்கள் கார் வந்துவிட்டது. வேலியும் கொடியும் மட்டும் போதாது என்பதற்கு இவை சாட்சி. அந்தச் சாலையில் தினமும் நடப்பவருக்கு, இன்று இந்த நேரத்தில் கார் வரும் என்று நாக்கால் சொல்லிக் காதால் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போக வேண்டும். டீக்கடையில் சொல்ல வேண்டும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் சொல்ல வேண்டும், தண்டோரா போட்டாலும் சரி.

உத்திரமேரூர் குடவோலை எழுதி ஆள் தேர்ந்தெடுத்த ஊர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. அந்த மண்ணில் ஊரைக் கேட்காமல் ஒரு சாலையை மூடுவது எப்படிப் பொருந்தும்? ஆகஸ்ட் 15 கிராம சபையில் பாதை வரைபடத்தையும் மூடும் நேரத்தையும் மக்கள் முன் வைக்கட்டும். யோசிக்க அவகாசம் கொடுத்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கேட்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் ஊரை விட்டுவிட்டுப் பாதையை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் சாலைக்கா பஞ்சம்!

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர்தான் பொருத்தம். சம்பா அறுவடைக்கும் நவரை, சொர்ணவாரி அறுவடைக்கும் எங்கள் சாலைகளே களம். பாதி ரோட்டில் நெல் காயும். நவம்பரில் பயிர் வயலில் நிற்கும், சாலை காலியாக இருக்கும். சனி, ஞாயிறு என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. காலைப் பால் சொசைட்டிக்குப் போன பிறகு மூடி, மாலைப் பால் கறப்பதற்குள் திறந்துவிட்டால் மாடு வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் இல்லை. பிரசவம், பாம்புக்கடி என்று 108 வண்டி வந்தால், ஸ்டேஜ் அந்த நிமிடமே நிற்க வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. சரணாலயம். நவம்பரில் பறவைகள் வந்திறங்கும் நேரம். அவற்றுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் ஊர்க்காரர்கள் அவர்கள். அந்தப் பக்கமும் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயப் பக்கமும் ஒரு கார்கூட, பயிற்சிக்குக்கூட, போகக் கூடாது.

அப்புறம் ஏரிகள். மழை இரவில் கரை உடையுமோ என்று வெள்ளைக்காரக் கலெக்டர் லியோனல் பிளேஸ் கலங்கி நின்றதாகச் சொல்லும் கதை மதுராந்தகத்தில் இன்றும் உண்டு; ஏரி காத்த ராமர் என்று சாமிக்கே பெயர். எங்களுக்கு மழை என்றால் அவ்வளவு பெரிய விஷயம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே தண்ணீர் பாய ஆரம்பித்தாலோ, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறினாலோ, அந்த ஸ்டேஜ் ரத்து. நுங்கம்பாக்கம் வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் ராலியே தள்ளிப்போக வேண்டும். போலீசும் வருவாய்த் துறையும் வெள்ள வேலையில் இருக்கும்போது விளையாட்டுக்கு அவர்களைக் கூப்பிடக் கூடாது. நான் கேட்பது மழையில் ராலி, வெள்ளத்தில் இல்லை.

கார்கள் இறங்கி ஏறிப் பெயர்த்த ஓரங்களைக் கொட்டி நிரப்பி, உடைந்த சாலையைப் போட்டுக் கொடுக்கும் செலவை நடத்துபவர்கள் முன்பணமாகக் கட்ட வேண்டும். அதை மாவட்ட ஆட்சியர் கையில் வைத்துக்கொண்டு, ஊராட்சித் தலைவர் சரி என்ற பிறகு மீதியைத் திருப்பித் தரட்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவதைத்தான் குற்றம் என்கிறது. 115ஆவது பிரிவில் பொதுமக்கள் பாதுகாப்புக்காக வாகனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இருக்கிறது. அந்தச் சம்மதக் கடிதத்திலேயே கிராம சபைத் தீர்மானத்தை ஒரு நிபந்தனையாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊருக்குள் மார்ஷல்களாக அந்தந்த ஊர் இளைஞர்களையே எடுக்கலாம். எந்த வரப்பிலிருந்து யார் எப்போது ஏறுவார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். விசில், கொடி, ரேடியோ கற்றுக்கொடுக்க நானும் என் நண்பர்களும் சம்பளம் இல்லாமல் வருகிறோம்.

இந்த மனுவைப் பரிசீலித்து, முதல் வேலையாகத் தங்கள் துறை, நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை, இரண்டு மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து பாதைகளைப் பார்வையிட ஒரு நாள் குறிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மழை பெய்யும் நாளாகப் பார்த்துக் குறித்தால் நல்லது. எந்த வளைவில் தண்ணீர் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். வழிகாட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: சென்னை

நகல்: மாவட்ட ஆட்சியர், காஞ்சிபுரம், மாவட்ட ஆட்சியர், செங்கல்பட்டு.