அந்தக் கேசட்டுகளை இனியும் தள்ளிப்போடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதை நிதானமாகப் படிக்க முடிந்தது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுப்போக மாட்டேன் என்கிறது. இருந்தும் போன கோடையில் மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, பாஞ்சோ, ஃபிடில், மாண்டலினோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற வகை இசையான புளூகிராஸ் திருவிழாவுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

பரணிலிருந்து பழைய கேசட் பெட்டியை இறக்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாயே, அன்று முழுக்க எனக்கு அதே நினைப்புதான். "கூட்டத்தில் உட்கார்ந்து நாம் பிடித்த டேப் இன்றைக்கு யாருக்கு வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டும். நிச்சயமாக வேண்டும்.

ஐம்பதுகளில் நாட்டுப்புற இசைக் கலைஞர் மைக் சீகர் அமெரிக்காவின் மேரிலாந்தில் நியூ ரிவர் ரேஞ்ச் என்ற திறந்தவெளி மேடைக்கு டேப் ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு போனாரே, அதை நினைத்துப் பார். அன்று புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் இசைத்தட்டில் ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் இடம் கிடையாது. மேடையில் அவர் வேறு ஆள். ரசிகர்கள் கத்திக் கேட்ட பாட்டுக்குத் தலையாட்டுவார், தட்டில் ஏறாத பாட்டுகளை எடுத்துவிடுவார், தாளத்தை இன்னும் முடுக்குவார். அதெல்லாம் இன்று நமக்குக் கேட்கிறதென்றால் சீகர், ரால்ஃப் ரின்ஸ்லர் மாதிரி ஆட்கள் டேப்பை ஓடவிட்டதால்தான். மன்ரோவின் 1956 முதல் 1969 வரையான அப்படிப்பட்ட மேடைப் பதிவுகளைத் தொகுத்து ஸ்மித்ஸோனியன் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1993-இல் ஒரு ஆல்பமாகவே வெளியிட்டது.

கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவும் இந்த ஜாதிதான். அந்தக் குழு பிறப்பதற்கு முன், 1964-இல், நண்பர் சாண்டி ரோத்மனோடு கலிபோர்னியாவிலிருந்து கிளம்பி, இண்டியானாவின் பீன் பிளாசம் வரை போய் புளூகிராஸ் கச்சேரிகளை டேப்பில் பிடித்துக்கொண்டு திரிந்தவர் அவர். மன்ரோவின் குழுவில் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை வேறு. பிற்காலத்தில் கார்சியாவின் குழுவே ரசிகர்களின் மைக்கைத் தடுக்காமல் விட்டதும், ஸ்டாண்டுகள் காடாகப் பெருகிப் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறைந்தபோது 1984 அக்டோபரில் டேப் பிடிப்பவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியதும் எனக்கு ஆச்சரியமாகத் தோன்றியதே இல்லை. மேடைக்குக் கீழே இருந்து பதிவு செய்யும் ஆசை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் பிளே பட்டனை அமுக்காதே. பல வருஷம் ஒரே நிலையில் கிடந்த டேப் சுருளோடு சுருளாக இறுகியிருக்கும். முதலில் ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்று. டேப்பை, அதிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்ன ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தால், டேப்பை எடுத்து வேறு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்று. அப்புறம் இருக்கிறது நிஜமான வேலை, அஸிமத், அதாவது ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. நாம் பதிவு செய்த மெஷினின் ஹெட் இருந்த சாய்வும் இப்போது உன்னிடம் இருக்கும் டெக்கின் சாய்வும் ஒன்றாக இருக்காது. டெக்கின் டால்பி இரைச்சல் குறைப்பை அணைத்துவிடு. இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பு. கம்பளிக்குள்ளிருந்து கேட்ட மாதிரி இருந்த மாண்டலின் ஒரு இடத்தில் பளிச்சென்று வெளியே வரும். அதுதான் இடம், நிறுத்திக்கொள். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சலித்துக்கொள்ளாதே, ஒலித்தரத்தில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. பிறகு கணினியில் 24 பிட்டில் பதிந்து, தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகச் சேமித்து வை. எம்பி3 வேண்டாம், அதில் போனது போனதுதான்.

இரைச்சலை மென்பொருளால் துடைத்துவிடலாம் என்று உன் மருமகன் சொல்கிறார் என்றாய். அவரிடம் என் அன்பைச் சொல், ஆனால் அதைச் செய்ய விடாதே. டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஃபிடிலின் வில் கம்பியில் உரசும் ஓசையும், மீட்டும் பிக் பாஞ்சோவில் படும் அந்தச் சொடுக்கும் இருக்கின்றன. ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் கூடவே வந்துவிடும். கைதட்டலையும் வெட்டாதே. ஒருவர் தனியாக வாசிக்கும் பிரேக் முடிவதற்குள் முன்வரிசை கத்திவிடுகிறதே, அதைக் கேட்டுத்தான் வாசித்தவர் அடுத்த சுற்றில் இன்னும் துணிகிறார். அந்தக் கத்தலை எடுத்துவிட்டால் அவர் ஏன் அப்படி வாசித்தார் என்பதே புரியாது. மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் சவுண்ட்போர்டிலிருந்து எடுத்த பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்கு ஒரு படி கீழேதான், கச்சேரி நடந்த இடம் அதில் கேட்பதில்லை. 45 நிமிடத்தில் பக்கம் தீர்ந்துபோய், புரட்டிப் போடும்போது விட்டுப்போன இடங்களையும் ஒட்டி மறைக்காதே. வெட்டு வெட்டாகவே இருக்கட்டும்.

ஒவ்வொரு பதிவோடும் ஒரு குறிப்புக் கோப்பு கட்டாயம் வேண்டும். தேதி, இடம், யார் யார் வாசித்தார்கள், எந்த மைக், எந்த ரெக்கார்டர், இப்போது எந்த டெக்கில் ஓட்டினாய், எல்லாம் எழுது. தேதியும் பெயரும் இல்லாத எத்தனையோ அருமையான டேப்புகள் யாருடையவை என்றே தெரியாமல் கிடக்கின்றன. உன் நினைவில் இருப்பது கேசட் அட்டையில் இல்லை, ஞாபகம் வை.

யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ரெயில்ரோடு எர்த், யாண்டர் மவுண்டன் ஸ்ட்ரிங் பேண்ட் போல ரசிகர் பதிவை வரவேற்கும் குழுக்கள் என்றால் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் 2002 முதல் நேரடி இசைக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. அனுமதி தந்த குழுக்களின் பதிவுகளை மட்டும்தான் அதில் ஏற்றுவார்கள். அனுமதி இல்லாமல் மேடை இசையைப் பதிந்து பரப்புவதை அமெரிக்கச் சட்டம் 1994 முதல் தடுக்கிறது. ஆகவே மற்றவர்களுடையதை நீயாக வெளியிடாதே. கலைஞர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் குடும்பத்தாரிடம் கேள். ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள், பெரும்பாலும் மனம் இளகிவிடும். மூல டேப்புகளைப் பத்திரப்படுத்த, சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறக் கலைக் காப்பகமான சதர்ன் ஃபோக்லைஃப் கலெக்‌ஷனுக்கு எழுதிப் பார். விலைக்கு மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. வெற்று டேப்பும் தபால் செலவும் தவிர வேறெதையும் வாங்கியதில்லை நம் கூட்டம், அந்த மானம் நிற்க வேண்டும்.

நான் இப்போது 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டருக்கு மாறிவிட்டேன். லெவல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, பாட்டைக் கேட்க முடிகிறது. மைக் மட்டும் பழைய ஜோடிதான், இரண்டையும் நிறுத்துவதும் பழைய ஓஆர்டிஎஃப் அமைப்பில்தான்: 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம். அதை மிஞ்ச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் உன் பக்கம் வருகிறேன். டெக்கை நானே கொண்டுவருகிறேன், அஸிமத்தைச் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பெட்டியைக் கார் டிக்கியிலோ ஸ்பீக்கர் பக்கத்திலோ வைத்துவிடாதே. ரெக்கார்ட் அழியாமலிருக்க உடைக்க வேண்டிய பிளாஸ்டிக் பல் எல்லாக் கேசட்டிலும் உடைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி